தேற்றாங்கொட்டையும் தெருக்குழாயும்

ஐப்பசி மழையில் தென்பெண்ணை பெருகினால், பங்காரு வாய்க்கால் வழியே புதுச்சேரிப் பகுதியின் பாகூர் ஏரிக்கு வண்டலும் சேர்ந்தே வரும். வயலுக்கு அந்த வண்டல் உரம். குடிநீருக்கு அள்ளினால்தான் தொல்லை.

கலங்கல் நீரைத் தெளியவைக்கத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பயன்பட்டது தேற்றாங்கொட்டை; பேச்சு வழக்கில் தேத்தாங்கொட்டை. பொத்தான் போலத் தட்டையான விதை அது. மண்பானையின் உட்புறத்தை லேசாக நனைத்து, சொரசொரப்பான இடத்தில் கொட்டையை இழைத்தால் சந்தனம் போல விழுது வரும். பிறகு பானை நிறையத் தண்ணீர் ஊற்றி, ஆடாமல் அசையாமல் விட்டுவிட வேண்டும். விழுதின் பசையில் நுண்ணிய களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, கனத்து, அடியில் படியும். மேலே நிற்கும் தெளிவை இறுத்துக்கொள்ளலாம். தேற்றா மரத்தை ‘இல்லம்’ என்று சொல்லும் கலித்தொகை, கலங்கிய மனம் தெளிவதற்கு இதையே உவமையாக்குகிறது. உவமையாகும் அளவுக்கு அன்றே வீட்டில் புழங்கிய பொருள்! படிகாரமும் இதே வேலையைச் செய்யும். அளவு மிஞ்சினால் தண்ணீர் துவர்க்கும்.

பிரெஞ்சு ஆட்சியில் 19ஆம் நூற்றாண்டில் முத்திரையர்பாளையத்து ஊற்றுநீர் புதுச்சேரி நகருக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் நினைவுச் சின்னம்தான் ஆயி மண்டபம். குழாய்நீர் முதலில் போனது நகரத்துக்கே. வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துக் கிராமங்கள் கிணற்றையும் குளத்தையுமே நம்பியிருந்தன. புதுச்சேரியில் தானே பொங்கிய ஆழ்துளை ஊற்றுகளைப் பற்றி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் 1880இல் எழுதினார். மண்ணுக்கடியில் அவ்வளவு நீர் இருப்பது தெரிந்திருந்தும், மேல்நிலைத் தொட்டி கிராமங்களுக்கு வந்தது வெகுகாலம் கழித்துத்தான். 2021இல் புதுச்சேரியின் கிராமப்புற வீடுகள் அனைத்துக்கும் குழாய் இணைப்பு தரப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

ஏரி வண்டல் போயிற்று, கலங்கல் போகவில்லை. தொட்டி கழுவிய மறுநாளோ, குழாய் உடைப்பைச் சரிசெய்த பிறகோ தண்ணீர் நிறம் மாறி வருவதுண்டு. பால் போல வெளுத்து வந்து, டம்ளரின் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது குழாயில் புகுந்த காற்று; கெடுதல் இல்லை. பழுப்பாக வந்து பொடி அடியில் தங்கினால், நீரோட்டம் கிளப்பிவிட்ட துருவும் படிவும். குழாயைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். உடைப்பு வழியே சாக்கடை நீர் கசிந்திருக்கக்கூடிய இடத்தில் கண்ணை நம்புவதற்கில்லை. தேற்றாங்கொட்டை மண்ணைப் படியவைக்கும், கிருமியைக் கொல்லாது. அதனால்தான் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலக்கிறார்கள். குழாய்முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரநிலை. நிறமோ வாடையோ போகாமல் நீடித்தால் நீர் வழங்கும் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். சரியாகும் வரை கொதிக்கவைக்காத தண்ணீரைக் குடிக்கக் கூடாது.