மண்டைதீவில் 40,000 இருக்கைகள்: குறிஞ்சாக்கேணியிலிருந்து ஒரு கணக்கு

அடிக்கல் என்று கேட்டாலே எங்களூர்க்காரருக்குக் கொஞ்சம் பயம். குறிஞ்சாக்கேணியில் புதிய பாலத்துக்கு வேலை தொடங்கிய பிறகுதான், பாலம் இல்லாத குறைக்கு ஓடிய மிதப்புப் பாதை 2021 நவம்பர் 23 ஆம் திகதி காலையில் கவிழ்ந்தது. பாடசாலைக்குப் போன பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே போய்விட்டார்கள். பாலமோ அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது.

அதனால், 2025 செப்டெம்பர் 1 ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க மண்டைதீவில் யாழ்ப்பாண சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டியபோது, எங்கள் தேநீர்க்கடை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. இளம் பொடியன்களுக்கு ஒரே சந்தோஷம். “நானா, இனி கொழும்புக்குப் போகத் தேவையில்லை” என்றான் ஒருவன். பெரியவர்கள் கேட்டது ஒன்றுதான்: கட்டி முடிந்த பிறகு அங்கே வருடத்துக்கு எத்தனை நாள் விளையாட்டு நடக்கும்?

திட்டம் பெரியது. 138 ஏக்கரில் விளையாட்டு நகரம், அதற்குள் 40,000 பேர் அமரும் மைதானம். யாழ் நகரின் துரையப்பா விளையாட்டரங்கு 2016 இல் இந்திய உதவியுடன் புதுப்பிக்கப்பட்டபோது அதற்குக் கிடைத்த இருக்கைகள் 1,850. அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இந்தத் திட்டத்தின் பருமன் விளங்கும்.

வடக்குக்கு ஒரு மைதானம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. இன்றுவரை வடக்கிலோ கிழக்கிலோ ஒரு சர்வதேச ஆடவர் போட்டிகூட நடந்ததில்லை. லங்கா பிரீமியர் லீக்கை யாழ்ப்பாணத்தின் பெயரில் ஆடும் அணி நான்கு தடவை வென்றிருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு பந்துகூட வீசியதில்லை. 2020 இல் வென்ற முதல் கிண்ணம் சூரியவெவவில், கொரோனாக் கட்டுப்பாட்டால் பார்வையாளரே இல்லாத அரங்கில். யாழ் மத்திய கல்லூரி மாணவன் விஜயகாந்த் வியாஸ்காந்த் அந்தத் தொடரில்தான் அறிமுகமானார். 1904 முதல் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் ‘வடக்கின் பெரும் போர்’ நடக்கும் ஊருக்கு கிரிக்கெட்டை யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

அந்தச் சூரியவெவவைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2011 உலகக் கிண்ணத்துக்காக அம்பாந்தோட்டைக் காட்டுப் பக்கம் 35,000 பேருக்குக் கட்டிய மைதானம். பல்லேகல, பிரேமதாச அரங்குகளின் வேலையும் சேர்ந்து கிரிக்கெட் நிறுவனத்தைப் பெருங்கடனில் தள்ளியது. இறுதிப் போட்டிவரை போன அணியின் வீரர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் கொடுக்க முடியவில்லை. சூரியவெவவில் இன்றுவரை ஒரு டெஸ்ட் போட்டியும் நடக்கவில்லை. 2017 இல் சிம்பாப்வே, 2023 இல் ஆப்கானிஸ்தான் என்று இடைக்கிடை சில ஒருநாள் போட்டிகள். மற்ற நாட்களில் புல் வெட்டவும் ஆள் வேண்டும், விளக்குக் கோபுரத்தைப் பராமரிக்கவும் காசு வேண்டும்.

2025 இல் பங்களாதேஷ் அணி வந்துபோனதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு டெஸ்ட், மூன்று ஒருநாள், மூன்று இருபதுக்கு இருபது, மொத்தம் எட்டுப் போட்டிகள். காலி, எஸ்.எஸ்.சி., பிரேமதாச, பல்லேகல, தம்புள்ளை என்ற ஐந்து மைதானங்கள் அவற்றைப் பங்கிட்டன. சூரியவெவவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மண்டைதீவு இந்த வரிசையில் நின்றுதான் பங்கு கேட்க வேண்டும்.

காலநிலையும் இதில் சேரும். தென்மேல் பருவ மழையில் கொழும்பு நனையும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்கள் வடக்கில் வறண்டவை, விளையாட உகந்தவை. ஆனால் இதே காரணத்தைச் சொல்லித்தான் 2000 இல் தம்புள்ளை மைதானத்தைக் கட்டினார்கள். ஐப்பசி, கார்த்திகையில் எங்களுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மாரி. ஆக, புதிய மைதானம் கேட்கப்போவது தம்புள்ளை கேட்கும் அதே நாட்களை.

தண்ணீரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. சர்வதேசத் தரத்தில் ஆடுகளமும் வெளிக்களப் புல்லும் இருக்க நல்ல தண்ணீர் நாள்தோறும் வேண்டும், அதுவும் கோடையில்தான் அதிகம். யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது, சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரே கிணற்று நீர். தீவகத்துச் சனம் குடிநீருக்கே பவுசரைப் பார்த்திருந்த காலங்கள் உண்டு. அளவுக்கு மேல் இறைத்தால் கிணறு உவர்க்கும். ஈரநிலத்துக்கும் கண்டல் காட்டுக்கும் என்ன ஆகும் என்று சூழலியலாளர் கேட்பதும் இதோடு சேர்ந்த கேள்விதான்.

இன்னொன்றைச் சொல்லாமல் கடக்க முடியாது. 1990 இல் மண்டைதீவிலும் சுற்றிலும் ஆண்கள் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமல்போனார்கள்; அவர்களின் உடல்கள் அங்குள்ள கிணறுகளில் இருப்பதாக உறவினர்கள் சொல்லி வருகிறார்கள். துரையப்பா அரங்கில் 1999 இல் திருத்த வேலைக்காகத் தோண்டியபோது எலும்புக்கூடுகள் வந்ததை யாழ்ப்பாணம் மறக்கவில்லை. தேட வேண்டிய இடங்களை முதலில் தேடிவிட்டு இயந்திரத்தை இறக்கினால் யாருக்கும் நட்டமில்லை.

இப்படியான திட்டத்தைக் கேள்வி கேட்டு நிறுத்திய அனுபவமும் நாட்டுக்கு உண்டு. 2020 மே மாதம், கொரோனா முடக்கத்தின் நடுவே, ஹோமாகமவில் நாட்டின் மிகப் பெரிய மைதானம் என்று ஒரு அறிவிப்பு வந்தது. இருக்கிற மைதானங்களிலேயே போதிய கிரிக்கெட் நடப்பதில்லையே என்று மஹேல ஜயவர்தன பகிரங்கமாகக் கேட்டார். முன்னாள் தலைவர்களைச் சந்தித்த பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ திட்டத்தைக் கைவிட்டு, பாடசாலைக் கிரிக்கெட்டுக்குப் பணம் போகட்டும் என்றார். மஹேலவைத் தேசத்துரோகி என்று யாரும் சொல்லவில்லை. மண்டைதீவைப் பற்றிக் கேட்டால் மட்டும் “தமிழனுக்கு ஒன்று கிடைப்பது பொறுக்கவில்லையா?” என்று மறித்துக் கேட்கிறார்கள்.

என் அபிப்பிராயம் இது: ஆடுகளமும் வலைப்பயிற்சிக் கூடமும் உடைமாற்றும் அறைகளும் முதலில் வரட்டும். மற்றப் பக்கங்களில் காலியைப் போல் புல்மேடு போதும். அங்கே கோட்டை மதிலில் ஏறி நின்று சும்மா பார்க்கிறவர்களும் டெஸ்ட் ரசிகர்கள்தான். இரண்டு, மூன்று வருடம் மாகாணப் போட்டியும் பாடசாலைப் போட்டியும் நடக்கட்டும். சனம் நிரம்பி வழிந்தால் மேல்தட்டு கட்டலாம்.

எங்கள் பக்கத்தில் சுழற்பந்து வீசும் பொடியன் ஒருவன் இருக்கிறான். பதினாறு வயது. மென்பந்தில் கையை அருமையாகத் திருப்புகிறான். கடினப்பந்தைப் புல் ஆடுகளத்தில் இதுவரை வீசியதில்லை. மண்டைதீவுச் செய்தியைக் கைத்தொலைபேசியில் காட்டி என்னிடம் கேட்டான்: “அங்க நெட் இருக்குமா நானா? எங்களையும் உள்ள விடுவாங்களா?”

வெளியான திட்ட விபரங்களைத் திரும்பவும் புரட்டிப் பார்த்தேன். இருக்கைகளின் எண்ணிக்கை மட்டும் உடனே கண்ணில் பட்டது.