பட்டமும் பதிவும் – கட்டடக்கலைக் கல்வி அங்கீகார வரலாறு

நம் கோலியனூருக்கு வடக்கே, விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் சாலையை ஒட்டி மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் அங்கே குடைவரைக் கோயில் ஒன்றை அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய எதுவுமின்றி எழுந்தது அது என அங்குள்ள கல்வெட்டே கூறுகிறது. விசித்திரசித்தன் என்னும் மன்னனின் சிறப்புப் பெயர் அக்கல்லில் நிலைத்திருக்கிறது. உளி பிடித்த உழைப்பாளியின் பெயரோ அதில் இல்லை. கைத்திறன் வேறு, அத்திறனுக்கு உலகம் அளிக்கும் பெயர் வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இக்காலத்தில் அப்பெயரை அளிப்பது எது? சட்டமே ஆகும். அது வந்த வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் நலம்.

இலண்டனில் 1834ஆம் ஆண்டிலேயே கட்டடக்கலைஞர் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். பம்பாயில் 1857இல் தோன்றிய ஜே.ஜே. கலைப்பள்ளியில் 1913 முதல் கட்டடக்கலை முறையான பாடமாயிற்று. அங்குப் பயின்ற மாணவர்கள் 1917இல் அமைத்த சங்கமே வளர்ந்து, 1929இல் இந்தியக் கட்டடக்கலைஞர் கழகமாயிற்று. பிரிட்டன் 1931இல் பதிவுச் சட்டம் இயற்றியது. இந்தியாவிலோ, மேலும் நாற்பது ஆண்டுகள் வரை ‘ஆர்க்கிடெக்ட்’ என்று எவரும் பெயர்ப்பலகை எழுதிக்கொள்ளலாம் என்னும் நிலையே நீடித்தது.

தமிழகத்தில் 1957ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. சென்னைப் பல்கலைக்கழகம் கட்டடக்கலைத் துறையைத் தொடங்கியது அவ்வாண்டில்தான். அது 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று. மரபுவழிக் கலைக்கென மாமல்லபுரத்தில் அரசுக் கல்லூரி பிறந்ததும் அதே 1957இல்தான்.

1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டம் நிலைமையை மாற்றியது. அதன்படி கட்டடக்கலைக் கவுன்சில் அமைந்தது. எந்தெந்தப் பட்டங்கள் ஏற்கத்தக்கவை என்பது சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்றது. கல்லூரிகளை ஆய்வு செய்யவும், தரம் குன்றின் அங்கீகாரத்தை விலக்கவும் வழி வகுக்கப்பட்டது. கல்வியின் குறைந்த அளவுத் தரம் 1983இல் விதிகளாக வெளிவந்தது. பதிவேட்டில் பெயர் இல்லாதவர் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று தம்மை அழைத்துக்கொள்வது தண்டனைக்குரிய குற்றமாயிற்று.

பட்டம் இல்லாதோர்க்கும் அச்சட்டம் அன்று ஒரு வாயிலைத் திறந்தது. குறித்த நாளுக்கு முன் ஐந்தாண்டுகள் கட்டடக்கலைஞராகத் தொழில் நடத்திய இந்தியக் குடிமகன் பதிவு பெறலாம். ஆனால் செங்கல் சுமந்தும் சுண்ணாம்பு அரைத்தும் வாழ்நாளைக் கழித்த நம் முன்னோரில் எத்தனை பேர் அவ்வாறு அலுவலகம் வைத்துத் தொழில் நடத்தியிருக்க இயலும்? அவ்வாயிலும் அந்நாளோடு அடைபட்டது. எஞ்சியிருப்பது கல்வி என்னும் ஒரே வாயில்.

கட்டடக்கலைக் கல்வியைப் பொறுத்தவரை 1972ஆம் ஆண்டுச் சட்டமே மேலோங்கும் என உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. சட்டம் காப்பது பெயரைத்தான். பதிவு பெறாதார் அத்தொழிலைச் செய்வதை அது தடுக்கவில்லை என 2020இல் அதே நீதிமன்றம் விளக்கியது. அஃதாவது, உழைக்க எவர்க்கும் தடையில்லை. பெயர் மட்டும் பட்டமும் பதிவும் உடையவர்க்கே உரியது. மண்டகப்பட்டுக் கல்வெட்டு உணர்த்தும் பாடமும் இதுவன்றோ?

ஆதலின், இத்துறையை நாடும் தம்பி தங்கையர் ஒன்றை மறத்தலாகாது. கல்லூரியின் கட்டட அழகையும் விளம்பரத்தையும் கண்டு மயங்காது, அதன் ஐந்தாண்டுப் படிப்புக்குக் கவுன்சிலின் ஒப்புதல் உள்ளதா என்று முதலில் ஆராய்க. அங்கீகாரமற்ற பட்டத்தைக் கொண்டு பதிவேட்டில் ஏற இயலாது. கூலி வேலை செய்து பெற்றோர் சேர்த்த பணம் அதனால் வீணாகும். நம் மாநிலத்தில் பட்டியல் சாதியினர்க்கு 18 விழுக்காடும் பழங்குடியினர்க்கு ஒரு விழுக்காடும் இடஒதுக்கீடு உண்டு. அண்ணல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944இல் தொடங்கிய மேற்படிப்பு உதவித்தொகையும் இன்றளவும் தொடர்கிறது.

பிறர் பெயர் விளங்கக் கட்டிய கைகள் நம்முடையவை. இனி நம் பெயரும் பதிவேட்டில் ஏறட்டும்.