பவளத்தைத் தத்தெடுத்தவர்கள்

பவளம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது நவமணிகளுள் ஒன்றாகிய செம்பவளமே. அது மத்தியதரைக் கடலில் கிடைக்கும் வேறோர் இனம். நான் இங்குக் கூறப்போவது, வெப்பமண்டலக் கடல்களில், வெயில் எட்டும் ஆழத்தில், பாறையாகவே வளர்ந்து நிற்கும் பவளத்தின் வரலாறு. சிற்றுயிர் ஒன்று கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துத் தனக்கு வீடு கட்டுகிறது. அதன் உடலுக்குள்ளேயே குடியிருக்கும் பாசி, ஒளியைக்கொண்டு உணவு சமைத்து வாடகையாகத் தருகிறது. கடல் அளவுக்குமேல் சூடேறினால் இந்த உறவு முறிகிறது. பாசி வெளியேற, பவளம் வெளுத்து நிற்கிறது. பலநாள் அவ்வாறே நின்றால் பட்டினியால் மடிகிறது.

அமெரிக்க நாட்டின் தென்கோடியில், புளோரிடா மாநிலத்தை ஒட்டித் தீவுகள் சங்கிலிபோல் கோத்துக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று கீ லார்கோ. 1950ஆம் ஆண்டுகளில் அங்குச் சென்ற உல்லாசப் பயணிகள் நினைவுப் பொருளாக வாங்கிச் சென்றவை பவளக் கிளைகளும் சங்குகளும் கடற்குதிரைகளுமே. சாலையோரக் கடைக்காரர்களுக்கு அவற்றை வழங்குவதற்காகச் சிலர் உளியும் சம்மட்டியும் கொண்டு கடலில் இறங்கினர்; வெடிமருந்து வைத்துத் தகர்த்தவர்களும் உண்டு. பல நூறு ஆண்டுகளில் எழுந்த பாறை, அலமாரி அலங்காரமாகச் சில்லறை விலைக்குப் போயிற்று.

1957இல் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில் கூடிய உயிரியல் மாநாட்டில், மியாமிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்பர்ட் வாஸ் என்னும் அறிஞர், இக்கொள்ளை நீடித்தால் பாறை பிழைக்காது என்று எச்சரித்தார். அறிஞர் எச்சரிப்பதும் அரசு கேளாதிருப்பதும் எந்நாட்டிலும் உள்ள வழக்கந்தானே! ஆனால் இம்முறை 'மியாமி ஹெரால்டு' நாளிதழின் துணையாசிரியர் ஜான் பென்னிகாம்ப் அதனைத் தம் பேனாவால் ஊரறியச் செய்தார். மக்கள் கருத்துத் திரண்டது. 1960 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஐசனோவர் அப்பகுதியைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தார். அவ்வாண்டு டிசம்பரில் பென்னிகாம்பின் பெயராலேயே பூங்கா திறக்கப்பெற்றது. அந்நாட்டின் முதல் கடலடிப் பூங்கா அதுவே.

சம்மட்டியைச் சட்டம் தடுக்கும், நோயைத் தடுக்குமா? 1970களின் இறுதி முதல் ஒருவகை வெண்பட்டை நோய், மான்கொம்புப் பவளத்தையும் அதன் உறவினமாகிய கடமான்கொம்புப் பவளத்தையும் அரிக்கத் தொடங்கியது. 1983இல் கரீபியக் கடலெங்கும் பரவிய கொள்ளைநோயில் நீண்ட முள் கொண்ட கடல்முள்ளெலிகள் கூட்டங்கூட்டமாக மாண்டன. பாசியை மேய்ந்து பாறையைத் துப்புரவு செய்தவை அவையே. அவை போனபின் பாசி எங்கும் மண்டிற்று. 1984 ஆகஸ்டில் வெல்வுட் என்னும் சரக்குக் கப்பல் மொலாசஸ் பாறைமேல் ஏறி அதனை நொறுக்கியது. 2006இல் அவ்விரு பவளங்களும் அழிவை நோக்கும் உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றன.

மாற்று வழி ஆய்வுக்கூடத்திலிருந்து வரவில்லை என்பது சுவையான செய்தி. கென் நெடிமயர் என்பவர் கண்ணாடித் தொட்டிகளுக்கு மீனும் பாறைக் கற்களும் விற்றுப் பிழைத்தவர். உரிமம் பெற்றுக் கடலடியில் அவர் இட்டுவைத்த கற்களின்மேல் மான்கொம்புப் பவளம் தானாகவே வந்து பற்றிக்கொண்டது. அதை உடைத்துத் துண்டுகளாக்கிப் பெருக்குவதைத் தம் மாணவர் மன்றப் பணியாக ஏற்றவர் அவருடைய மகள். முருங்கைக் கிளையை ஒடித்து நட்டால் மரமாவதுபோல, இப்பவளமும் ஒடித்த துண்டிலிருந்து தழைக்கும். வளர்ந்தவற்றுள் சிலவற்றை, கப்பல் மோதிய அதே மொலாசஸ் பாறையில் நட்டார்கள். 2007இல் நெடிமயர் பவளப் புனரமைப்புக்கென ஓர் அறக்கட்டளை நிறுவினார்.

நாற்றங்கால் முறை எளியது. பிளாஸ்டிக் குழாயால் மரம்போல் ஒரு சட்டம் செய்து, நீர்நடுவே மிதக்கக் கட்டி, அதன் கிளைகளில் விரலளவுப் பவளத் துண்டுகளைத் தொங்கவிடுவர். ஓராண்டுக்குள் அவை நடுவதற்குரிய பருவம் எய்தும். பிறகு முக்குளிப்போர் அவற்றைப் பாறையில் பசையிட்டு ஒட்டுவர். படகு, எரிபொருள், பசை, மூச்சுக்காற்று உருளை என எல்லாவற்றிற்கும் பணம் வேண்டும். அதற்காக எழுந்ததே தத்தெடுக்கும் திட்டம். பவளத்தைக் கண்ணாலும் காணாத ஒருவர் சிறு தொகை அனுப்புகிறார். ஒரு சான்றிதழ் வருகிறது. தத்துப்பிள்ளை வீட்டுக்கு வருவதில்லை, கடலிலேயே வளர்கிறது. முக்குளிக்கத் தெரிந்தவர்கள் விடுமுறையில் வந்து தம் கையாலேயே நடுவதும் உண்டு. விளம்பர உத்தி என்று இதனை எள்ளுவோர் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அன்று பவளத்தை விலைக்கு வாங்கிச் சென்ற அதே மக்கள் இன்று அதனைக் கடலில் விட்டுவைக்கக் காசு கொடுக்கிறார்கள். இரண்டு தலைமுறைக்குள் நேர்ந்த மாற்றம் இது.

நம் மன்னார் வளைகுடாவும் இத்துயரம் அறிந்ததே. சுண்ணாம்புக்காகப் பல்லாண்டு பவளம் வெட்டப்பட்டது. 2001இல் வனவிலங்குச் சட்டம் அதற்கு முழுப் பாதுகாப்பளித்தது. 2002 முதல் தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் பவளத்தை மீண்டும் நட்டு வருகின்றனர்.

புளோரிடாவிலோ 2023 கோடை பெருஞ்சோதனையாயிற்று. ஜூலையில் மனாட்டி விரிகுடாவின் மிதவைக் கருவி 38 பாகை செல்சியசுக்கு மேல் காட்டிற்று. ஆழமற்ற கலங்கல் நீரில் எடுத்த அளவு அது. பாறைப் பகுதியில் அத்தனை இல்லை. எனினும் அங்கிருந்த வெப்பமே போதுமானதாயிற்று. தொண்டர்கள் நாற்றங்கால் பவளங்களை வாரியெடுத்துக் கரையிலுள்ள தொட்டிகளுக்கு விரைந்தனர். கடலிலேயே நின்ற மான்கொம்பு, கடமான்கொம்புப் பவளங்களுள் அத்தீவுச் சங்கிலியில் நூற்றுக்கு 97க்கு மேற்பட்டவை மடிந்தன. இவ்விரண்டும் புளோரிடாவில் பாறை கட்டும் தொழிலை இழந்துவிட்டன என்று 2025இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். நாட்டதெல்லாம் வீணா என்னும் கேள்வி அங்கு எழுந்தது. ஒரே தாயிலிருந்து ஒடித்த துண்டுகள் எல்லாம் ஒரே உடம்பே. தாய் தாங்காத வெப்பத்தைத் துண்டும் தாங்காது. பிழை அங்கே இருக்கிறது என்பது ஒரு சாரார் முடிவு.

ஆகவே இப்பொழுது கலப்பு முறையில் முயல்கின்றனர். ஹோண்டுராஸ் நாட்டின் டெலா விரிகுடாவில், வெதுவெதுப்பான நீரிலும் செழித்து நிற்கும் கடமான்கொம்புப் பவளத்தைக் கொணர்ந்து, தொட்டியில் காத்த புளோரிடாப் பவளத்துடன் இணைத்து, முட்டையிலிருந்து குஞ்சுகளை வளர்த்தனர். அக்கலப்புக் குஞ்சுகள் 2025 ஜூலையில் மியாமிக்கு அருகே கடலில் நடப்பட்டன.