புதுச்சேரி: பிரெஞ்சுத் தலைநகரும் ஒரு தமிழ் வணிகரின் நாட்குறிப்பும்



அடுகோடியில் பாத்திரக்கடை வைத்திருப்பவனுக்குச் சரித்திரம் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. நான் கல்லூரி வாசலை மிதித்தவனில்லை. கடையில் கூட்டம் இல்லாத மத்தியான வேளையில் படித்ததும், போன இடங்களில் நின்று பார்த்ததும்தான் என் படிப்பு. குறை இருந்தால் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

லீவு விட்டால் நம்மில் பலர் புதுச்சேரிக்குப் புறப்பட்டுவிடுகிறோம். ஓசூர், கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாக ஏறக்குறைய 300 கிலோமீட்டர். போன தடவை கடற்கரையில் என் பேரன் கேட்டான்: "தாத்தா, இந்த ஊரை பிரெஞ்சுக்காரங்கதானே கட்டினாங்க? நம்ம ஆளுங்க என்ன பண்ணாங்க?" சட்டென்று பதில் வரவில்லை. அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பிரெஞ்சுக்காரர் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1674இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே வணிகக் குடியிருப்பை ஏற்படுத்தினார். அவர்கள் தேடி வந்தது நம் நெசவாளர் நெய்த துணியை. 1693இல் டச்சுக்காரர் ஊரைப் பிடித்தனர். 1699இல் திருப்பிக் கொடுத்தனர். நேர்கோடு பிடித்தாற்போல ஓடும் தெருக்களுக்கு வரைபடம் போட்டவர்கள் அந்த டச்சுக்காரர்களே. 1742 முதல் 1754 வரை கவர்னராக இருந்த டூப்ளே காலத்தில் பிரெஞ்சு இந்தியாவின் தலைநகரம் உச்சத்துக்குப் போனது. 1750இல் செஞ்சிக் கோட்டையும் அவர்கள் வசமானது.

அப்புறம் வந்தது வீழ்ச்சி. 1761 ஜனவரி 16இல் நகரம் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. வென்றவர்கள் கோட்டையையும் மாளிகைகளையும் இடித்துத் தள்ளினார்கள். 1765இல் ஊர் திரும்பக் கிடைத்த பிறகே மறுபடி கட்டினார்கள். ஆகவே, நாம் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும் வெள்ளை நகரம் டூப்ளே பார்த்த நகரம் அல்ல. கடற்கரையின் பழைய கலங்கரை விளக்கம் 1836ஆம் ஆண்டினது. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களோ செஞ்சியிலிருந்து வந்தவை என்பர்.

சரி, டூப்ளே காலத்து ஊர் எங்கே போயிற்று? அது ஒரு தமிழர் எழுதிய நாட்குறிப்பில் பத்திரமாக இருக்கிறது. அவர்தான் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, தந்தையோடு புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தவர். நம்மைப் போலப் பிழைப்புக்காக ஊர் மாறிய குடும்பம் என்பதைக் கவனிக்க வேண்டும். துணி வியாபாரம் செய்தார். 'ஆனந்தப்புரவி' என்று சொந்தக் கப்பலும் வைத்திருந்தார். 1747இல் தலைமைத் துபாஷ் ஆனார். 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கியவர், ஏறக்குறைய 25 ஆண்டுகள் எழுதினார். நகரம் வீழ்ந்த அதே மாதத்தில் காலமானார்.

பண்டிதத் தமிழில் அவர் எழுதவில்லை. பேச்சும் எழுத்தும் கலந்த நடைதான். துணி வியாபாரம், கப்பல் வரத்து, ஊர் வதந்தி, கவர்னர் துரையின் கோபதாபம் எல்லாம் அதில் உண்டு. 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது ஊரின் ஈஸ்வரன் கோயில் பிரெஞ்சுக்காரர்களால் இடிக்கப்பட்டதையும் மறைக்காமல் எழுதினார். யாரிடம் சம்பளம் வாங்கினாரோ அவர்களின் செயல் அது! 1846இல் இந்த நாட்குறிப்பு மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. பின்னர் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் சென்னை அரசு வெளியிட்டது. பெரிய மார்க்கெட் பக்கம் அவர் வீடு இன்றும் நிற்கிறது. கீழே தமிழ் வீட்டு மரத்தூண்கள், மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாணித் தூண்கள்.

சுற்றுவட்டாரத்தைப் பார்த்தால், எழுதி வைப்பது அந்த மண்ணின் பழக்கம் என்றே தோன்றுகிறது. ஊருக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் வீலர் அகழ்ந்தபோது ரோமானியப் பானை ஓடுகள் கிடைத்தன. கூடவே தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. பாகூர்ச் செப்பேடு, 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில் ஒரு கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடுக்கப்பட்டதைச் சொல்கிறது. திருபுவனைக் கோயில் கல்வெட்டு, 1048இல் 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த கல்லூரியைக் கணக்கோடு குறிக்கிறது. போகிற வழியில் செஞ்சிக்குப் பக்கம் திருநாதர்குன்றில், எங்கள் சமண முனிவர் சந்திரநந்தி 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த செய்தி பாறையில் இருக்கிறது. கடைசியில் பிரெஞ்சு ஆட்சி முடிந்ததும் ஒரு கணக்கில்தான். 1954 அக்டோபர் 18இல் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல் நடந்தது.

இப்போது என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் தகப்பனார் 1960களில் அடுகோடிக்கு வந்து, ஆலைத் தொழிலாளிகளுக்குத் தவணையில் எவர்சில்வர் கொடுத்து வியாபாரத்தை ஆரம்பித்தார். யார் எந்த ஊர், எந்தத் தெரு, மகள் கல்யாணத்துக்கு என்ன வாங்கினார் என்று பேரேட்டில் ஓரமாகக் குறித்து வைப்பார். கடையை இடம் மாற்றியபோது, இடம் அடைக்கிறது என்று அந்தப் பேரேடுகளை எடைக்குப் போட்டுவிட்டேன். ஒரு தலைமுறைத் தமிழர் இந்தப் பேட்டையில் குடியேறிய கதை காகிதக் கடைக்குப் போய்விட்டது. ஆனந்தரங்கரைப் படித்த பிறகுதான் நான் எதைத் தொலைத்தேன் என்று புரிந்தது.

ஆகவே பேரனிடம் இப்படிச் சொன்னேன்: "கண்ணு, துணி நெய்ததும் வியாபாரம் பண்ணினதும் நம்மவங்க. அவங்க கட்டின ஊரை அடுத்தவன் இடிச்சுட்டான். நம்ம ஆள் எழுதி வெச்சதை யாராலும் இடிக்க முடியலை."

ஒவ்வொரு குடும்பமும் பெங்களூருக்கு வந்த வருஷம், முதலில் குடியிருந்த தெரு, கொடுத்த வாடகை, கைகொடுத்தவர் பெயர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். நானும் நினைவில் மிஞ்சியதை எழுத ஆரம்பித்திருக்கிறேன். வரவு செலவு எழுதத் தெரிந்த நமக்கு, வாழ்ந்ததை எழுதுவது பெரிய காரியமில்லை.