சட்டத்தில் இல்லாத பூனை

நாயின் பெயரிலேயே இலங்கையில் ஒரு சட்டம் இருக்கு. 1901ஆம் ஆண்டு நாய்கள் பதிவுக் கட்டளைச்சட்டம். பூனையின் பெயரில் அப்படி எதுவும் இல்லை. கனமூலையில் எந்தக் கடைப்படியில் பார்த்தாலும் ஒரு பூனை படுத்திருக்கும், ஆனா அரசாங்கத்தின் கொப்பியில் அதுக்கு ஒரு வரி கிடையாது. "வீட்டுல நாய் நிக்குது, ரோட்டோரம் ஒரு பூனை வருத்தத்தோட கிடக்குது, தூக்கிட்டு வரலாமா?" என்ற கேள்வி எங்கள் வட்டத்தில் அடிக்கடி வருது. இதுக்கு வைத்தியர் ஒரு பதில் சொல்லுவார். வரலாற்றிலும் ஒரு பதில் இருக்கு. நாங்கள் அதைத் தேடிப் பார்த்தோம்.

நாயைப் பற்றிய பழைய கதை ஒன்று எங்கள் கரையோரத்திலேயே கிடக்கு. விஜயனின் ஆட்கள் கரையேறினதும் அவர்கள் முன்னால் ஒரு பெண் நாய் வருவதாக மகாவம்சம் சொல்லுது. குவேனியின் பணிப்பெண்ணான யக்கினிதான் அந்த உருவத்தில் வந்தாளாம். நாய் இருந்தால் பக்கத்தில் ஊர் இருக்கணும் என்று நினைத்து ஒருவன் பின்னாலேயே போனான். அந்தத் தம்பபண்ணி புத்தளத்துக்கு வடக்கே குதிரைமலைப் பக்கம்தான் என்று சொல்பவர்களும் உண்டு. இடம் எதுவாகவும் இருக்கட்டும், நாய் என்றால் மனிசர் இருக்கிற அடையாளம் என்ற எண்ணம் அவ்வளவு பழசு.

அசோகனின் இரண்டாவது பாறைச் சாசனம் இதைவிட ஆச்சரியமானது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. மனிசருக்கு வைத்தியம், மிருகத்துக்கு வைத்தியம் என்று இரண்டையும் ஏற்பாடு செய்ததாக அது சொல்லுது. அந்த ஏற்பாடு நடந்த இடங்களின் பட்டியலில் சோழரும் பாண்டியரும் வாறாங்க, தாம்ரபர்ணி என்ற பெயரில் இலங்கையும் வருது. நடைமுறையில் இங்க என்ன நடந்தது என்பது வேறு கதை. ஆனா மிருகத்தின் நோய் ஆட்சியாளரின் பொறுப்பு என்ற எண்ணம் அப்பவே கல்லில் ஏறியிருக்கு.

வெள்ளைக்காரன் காலத்தில் இந்தப் பொறுப்பின் முகம் மாறிப்போச்சு. 1885இல் பாஸ்டர் விசர்நாய்க்கடிக்கு ஊசி கண்டுபிடித்தார். 1893இல் இலங்கையில் விசர்நோய்க் கட்டளைச்சட்டம் வந்தது, எட்டு வருஷம் கழித்து நாய்ப் பதிவு வந்தது. இரண்டுக்கும் பின்னால் இருந்தது பயம், மனிசன் செத்துப்போவான் என்ற பயம். அது சும்மா பயமும் இல்லை. 1973இல் மட்டும் இந்த நாட்டில் 377 பேர் விசர்நோயால் செத்தாங்க. அதனால கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்வது பல வருஷம் வழக்கமான வேலையாகவே நடந்தது. 2006இல்தான் கொல்வதை நிறுத்தச் சொன்னாங்க. தடுப்பூசியும் கருத்தடையும் அந்த இடத்துக்கு வந்தன.

பூனைக்கு என்ன இருக்கு? 1907இன் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச்சட்டம். வீட்டு மிருகமும் பிடிபட்ட மிருகமும்தான் அதன் கணக்கில் 'மிருகம்'. அடித்தால் குற்றம், தண்டப்பணம் கூடியது 100 ரூபா. 1907இல் அது பெரிய காசுதான்! ஆனா யாரும் அடிக்காமலே வேலி ஓரம் காய்ந்து சாகிற பூனையைப் பற்றி அந்தச் சட்டத்துக்குச் சொல்ல ஒன்றுமில்லை. புதிய மிருக நலச் சட்டத்துக்குச் சட்ட ஆணைக்குழு 2006இல் வரைவு தந்தது. பதினைந்து வருஷம் தாண்டியும் அது சட்டமாகவில்லை.

ஆக, பூனையின் கணக்கு முழுக்க வீடுகளிடம்தான். எங்கள் ஊர் மாதிரி முஸ்லிம் ஊர்களில் பூனை அடுப்படி வரை வரும், சாப்பாட்டுச் சகனைச் சுற்றும், யாரும் விரட்ட மாட்டாங்க. நாய் தென்னந்தோட்டத்திலும் இறால் பண்ணையிலும் காவலுக்கு நிற்கும். நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம், அதில் ஒரு தரம் மண்ணால் கழுவணும் என்ற ஷாபி மத்ஹபின் சட்டம் தெரியாத பிள்ளை இங்க இல்லை. நாயை வெறுக்கச் சொன்னதாகச் சிலர் இதை எடுத்துக்கொள்வதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. தாகத்தில் தவித்த நாய்க்குத் தன் காலணியில் தண்ணீர் அள்ளிக் கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்த ஹதீஸும், பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் ஹதீஸும் ஒரே மார்க்கத்தில்தான் இருக்கு.

பூனையும் நாயும் வேறு வேறு உலகம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தாலும் கிருமி அப்படி நினைக்கலை. 1978இல் அது எல்லாருக்கும் தெரியவந்தது. அந்த வருஷம் ஒன்றுக்கொன்று தூரமான நாடுகளில் நாய்க்குட்டிகள் இரத்தக் கழிச்சலோடு செத்து விழுந்தன. எந்த நாயின் உடம்பிலும் அதுக்கு எதிர்ப்பு இல்லை. பூனைகளைக் கனகாலமாகக் கொன்றுவந்த பார்வோ கிருமி, அல்லது அதன் மிக நெருங்கிய உறவு ஒன்று, சில மாற்றங்களோடு நாய்க்குத் தாவியிருந்தது. ஆரம்பத்தில் நாய்க்கென்று ஊசி இல்லாததால், அவசரத்துக்குப் பூனை ஊசியையே நாய்களுக்குப் போட்டாங்க. அது ஓரளவு காப்பாற்றவும் செய்தது. பிறகு கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கார்மைக்கேலும் அப்பெலும் நாய்க்கான ஊசியை உருவாக்கினாங்க. நாய்க்குத் தாவிய முதல் கிருமிக்குப் பூனையைத் தொற்ற முடியாமல் இருந்தது. கொஞ்ச வருஷத்திலேயே அது திரும்பவும் மாறி, பூனையையும் தொற்றக் கற்றுக்கொண்டது. பூனையிடமிருந்து வந்தது பூனைக்கே திரும்பிப் போன மாதிரி.

அதனால கேள்வியைத் திருப்பிப் போடணும் என்று நினைக்கிறோம். வாற பூனையால் நம்ம நாய்க்கு என்ன ஆகும் என்றுதான் எல்லாரும் கேட்கிறாங்க. வாந்தியும் கழிச்சலுமாகக் கிடக்கிற பூனையின் பார்வோ நாயைப் படுக்கப்போடுவது அபூர்வம். நாயின் பார்வோதான் பூனைக்குப் போகக்கூடும். கண்ணீரும் தும்மலுமாக வாற பூனைச் சளி பெரும்பாலும் பூனைகளுக்குள்ளேயே நிற்கும். படர்தாமரை நாய்க்கும் வரும், எங்களுக்கும் வரும்.

எங்கள் பக்கத்து இறால்காரர்களுக்கு இதை விளங்கப்படுத்தவே தேவையில்லை. 1996இல் வெள்ளைப்புள்ளி நோய் பண்ணைகளை அழித்த பிறகு, ஒரு குளத்துத் தண்ணியும் வலையும் அடுத்த குளத்துக்குப் போகக்கூடாது என்பதை அவங்க காசு கொடுத்துப் படிச்சாங்க. பூனைக்கும் அதே பாடம்தான். நாய் வராத ஓர் அறை, இல்லாட்டி வளவின் மறு மூலையில் மூடின பெட்டி. தனிக் கோப்பை, தனிச் செருப்பு, சவர்க்காரம் போட்டுக் கை கழுவுதல். குறைந்தது இரண்டு கிழமையாவது இப்படி. பார்வோ தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், டெட்டோலுக்கு அது சாகாது, டெட்டோல் பூனைக்கு நஞ்சும்கூட. குளோரின் ப்ளீச் தண்ணியால்தான் தரையைக் கழுவணும், காயும்வரை பூனையை அங்க விடக்கூடாது. காய்ச்சல் என்று பரிதாபப்பட்டு அரைவாசிப் பனடோல் கொடுத்தாலே பூனை செத்துப்போகும்.

1893இன் பயத்தையும் முழுசாக மறக்க ஏலாது. விசர் பூனைக்கும் வரும். காரணமில்லாமல் பாய்கிற, நடை தடுமாறுகிற, வாய் ஒழுகுகிற பூனையைக் கையால் தொடவே வேண்டாம். கடித்தால், பிறாண்டினால், ஓடுகிற தண்ணியில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிட்டு அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க, ஊசி இலவசம். நாய்க்கும் விசர் ஊசியை அரசாங்கமே இலவசமாகப் போடுது. பார்வோவுக்குக் கையிலிருந்து காசு போகும். ரோட்டோரப் பூனையைத் தூக்குவதற்கு முதல் வீட்டு நாயின் ஊசிக் காட்டை ஒருக்கா எடுத்துத் திகதியைப் பாருங்க.