மூன்று குன்றுகளும் ஒரு மதிலும்

செஞ்சியில் இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் ஒரே மதில் இணைத்து நிற்கிறது. குன்று ஒன்றை மட்டும் காத்தாற் போதாது என்பதைக் கட்டியவர்கள் அறிந்திருந்தனர். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை முற்றுகையிட்ட பிறகே கோட்டை வீழ்ந்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகளின் வரலாற்றை வாசிக்கும்போது இம்மதிலே நம் நினைவுக்கு வருகிறது.

1943-இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்கு முடிவு கட்டும் என்று உலகம் நம்பியது. 1948-இல் பிரிட்டனில் வெளியான ஆய்விலேயே, தேறி வந்த சிலர் மீண்டும் நலிந்ததும், அவர்தம் கிருமிகள் அம்மருந்தை வென்றுவிட்டதும் தெரிந்தன. இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால், ஒன்றுக்குத் தப்பும் கிருமி மற்றொன்றுக்கு இரையாகும் என்று பின்னர் கண்டனர். ஆனால் ஓராண்டு முழுவதும், நாள் தவறாமல், ஏழையின் குடிசையில் இது நடைபெறுமா?

விடை சென்னையில் கிடைத்தது. 1956-இல் உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு ஆகிய நான்கும் கைகோத்துச் சேத்துப்பட்டில் ஒரு மையம் அமைத்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் ஆய்வை வழிநடத்தினார். 193 நோயாளிகளுள் ஏறக்குறையப் பாதிப்பேர் சானடோரியத்தில் தங்கினர். மற்றையோர் வீட்டிலிருந்தே மருந்துண்டனர். 1959-இல் முடிவு வெளிவந்தது. நல்லுணவும் ஓய்வும் பெற்றோர்க்கு ஏறத்தாழ நிகராக வறியோரும் குணமடைந்திருந்தனர். வீட்டிலிருந்தோரின் குடும்பத்தார்க்கு நோய் மிகுதியாகத் தொற்றவுமில்லை.

மையத்தார் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர்; சிறுநீரையும் சோதித்தனர். உடல் தேறியதும் மருந்தை மறப்பது மனித இயல்பு என்பது அவர்களுக்குத் தெரியும். நமக்கும் தெரியும். காய்ச்சல் விட்டதும் மிச்ச மாத்திரைகள் மாடத்தில் அடுத்த காய்ச்சலுக்காகக் காத்திருப்பதைப் பங்கு மக்களின் இல்லங்களில் கண்டிருக்கிறோம். நம் அறையிலும் அவை இருந்ததுண்டு. 1960-களில், வாரம் இருமுறை, பணியாளர் கண்ணெதிரே மருந்து விழுங்கச் செய்யும் முறையை இம்மையமே சோதித்துக் காட்டியது.

மற்ற நோய்களுக்கான மருந்துகளுக்கு இத்தகைய காவல் வரவில்லை. 2012-இல் இந்திய மருத்துவர் சங்கங்கள் பல கூடிச் சென்னைப் பிரகடனத்தை உருவாக்கின. 2014 மார்ச் முதல் 46 மருந்துகளுக்குக் கடையில் தனிப் பதிவேடு கட்டாயமாயிற்று. 2015-இல் உலக சுகாதார நிறுவனம், மனிதர், கால்நடை, உணவு ஆகிய மூன்றையும் இணைத்து ஒரு செயல்திட்டம் வகுத்தது. மனிதர்க்குக் கடைசிப் புகலாக வைத்திருந்த கோலிஸ்டின் மருந்தைக் கோழிகளுக்கும் பிற உணவு விலங்குகளுக்கும் கொடுப்பதை இந்தியா 2019-இல் தடைசெய்தது.

செஞ்சி ஆட்டுச் சந்தைக்கு ஆடு ஓட்டி வருவோர் எவரும் இவ்விதிகளைக் குறித்து நம்மிடம் கேட்டதில்லை. நாமும் அவர்களிடம் பேசியதில்லை.