காங்கிரீட் குமிழ்களுக்கு அப்பால் என்வர் ஹோஜா

அல்பேனியாவை 1944 முதல் 1985இல் இறக்கும்வரை ஆண்ட என்வர் ஹோஜாவுக்கு இன்று இணையத்தில் கிடைக்கும் கவனம், படையெடுப்புக்கு அஞ்சி அவர் நாடெங்கும் கட்டுவித்த பதுங்கு அரண்களையே பெரும்பாலும் சுற்றி வருகிறது. வயலிலும் கடற்கரையிலும் குமிழ் குமிழாக நிற்கும், ஓரிருவர் மட்டுமே நுழையக்கூடிய அந்தக் காங்கிரீட் கூடுகள் கேலிக்கு எளிதில் உதவுவதால், கட்டுவித்தவரின் அரசியல் பின்னுக்குப் போய்விடுகிறது.

உண்மையில், பொதுவுடைமை முகாம் சோவியத் தரப்பு, சீனத் தரப்பு எனப் பிளந்ததை உலகறியச் செய்தது அல்பேனியப் பிணக்குதான். 1961 அக்டோபரில் சோவியத் கட்சியின் 22ஆவது மாநாட்டில் சோவியத் தலைவர் குருஷ்சேவ் அல்பேனியத் தலைமையை வெளிப்படையாகச் சாட, சீனப் பிரதமர் சூ என்லாய் மாநாடு முடியும் முன்பே மாஸ்கோவை விட்டுப் புறப்பட்டார். பத்தாண்டு கழித்து, ஐ.நா.வில் தைவான் அரசு வகித்த சீன இருக்கையை மக்கள் சீனத்துக்கு மாற்றிய 2758ஆம் தீர்மானம், 76க்கு 35 என்ற வாக்கில் நிறைவேறியபோது, அதை முன்மொழிந்த நாடுகளின் முன்னணியில் அல்பேனியா நின்றது. சிறிய நாடொன்றுக்கு இது சாதாரணச் செல்வாக்கன்று.

உள்நாட்டுக் கணக்கோ கொடியது. 1967இல் மசூதிகளும் தேவாலயங்களும் மூடப்பட்டன. மாற்றுக் கருத்தாளர்கள் உழைப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். 1976ஆம் ஆண்டின் அரசியலமைப்பு வெளிநாட்டுக் கடனையே தடைசெய்தது. 1978இல் சீனாவும் உதவியை நிறுத்தவே, நாடு தனித்துப்போனது. தலைநகர் திரானாவின் ஸ்கந்தர்பெக் சதுக்கத்தில் நின்ற ஹோஜாவின் சிலையை 1991 பிப்ரவரியில் மக்களே இழுத்துத் தள்ளினர்.